பேருந்தில் ஊர் திரும்பிய பேராயர்

1974-ஆம் ஆண்டு சென்னைப் பேராயர் லெஸ்லி நியூபிகின் பணி ஓய்வு பெற்றார். சொந்த நாடான இங்கிலாந்துக்குத் திரும்ப வேண்டும். அவர் இடத்தில் வேறு யார் இருந்தாலும் விமானத்துக்குச் சீட்டு எடுத்திருப்பார்கள், மறுநாள் லண்டனில் இறங்கியிருப்பார்கள். நியூபிகினும் மனைவி ஹெலனும் இரண்டு சூட்கேஸையும் முதுகில் மாட்டும் ஒரு பையையும் எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினார்கள். தனியாக அமர்த்திய வண்டி இல்லை. அந்தந்த ஊரில் சனங்கள் எதில் போகிறார்களோ அதில்தான் இவர்களும். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி என்று ஏறி இறங்கி மாறி, ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அவருக்கு அப்போது வயது 64. இன்றைக்கு ஒரு வெள்ளைக்காரத் தம்பதி அந்த வழியில் பாதி தூரம் போவதே பெரும்பாடு என்பது வேறு விஷயம்.

சென்னைப் பேராயர் கதை தேனிக்காரனுக்கு எதற்கு என்று கேட்கலாம். சென்னைக்குப் போகும் முன்பு அவர் நம் பேராயர். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்தின் முதல் பேராயராக அவரைத்தான் அமர்த்தினார்கள். வயது 37. அன்றைக்குத் தேனி என்று ஒரு மாவட்டம் கிடையாது. அது 1996-இல் மதுரையிலிருந்து பிரிந்து வந்தது. பெரியகுளமும் போடியும் கம்பமும் மதுரையோடு சேர்ந்தவை, ஆகவே அவருடைய திருமண்டலத்தோடும் சேர்ந்தவை. 1959 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

இப்போது கம்பத்தில் போய் நியூபிகின் யார் என்று கேட்டால், சி.எஸ்.ஐ. சபைப் பெரியவர்கள் ஒன்றிரண்டு பேரைத் தவிர யாரும் தலையாட்ட மாட்டார்கள். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கு நினைவில் வைத்திருக்கும் வெள்ளைக்காரர் ஒருவர்தான். அவர் படம் டீக்கடையில் தொங்குகிறது, அவர் பேரைப் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள், பொங்கல் சமயத்தில் அவருக்கும் பொங்கல் வைக்கிறார்கள், லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் நிற்கிறது. 1895-இல் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பென்னிகுக்கும் வேலை முடிந்து ஊர் திரும்பியவர்தான். இங்கிலாந்தில் 1911-இல் இறந்தார். அவர் விட்டுவிட்டுப் போனது வாய்க்காலில் ஓடுகிறது, கண்ணுக்குத் தெரிகிறது. பாதிரியார் விட்டுவிட்டுப் போவது அப்படிச் சட்டென்று தெரியாது. அதனால்தான் அவர்கள் எப்படிப் போனார்கள் என்பதைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. மிஷனரிகள் எப்படி வந்தார்கள், என்னென்ன கட்டினார்கள் என்பதை நூற்றாண்டு மலர்கள் போதும் போதும் என்கிற அளவுக்கு எழுதிவிட்டன. புறப்பாட்டைப் பற்றி எழுத ஆளில்லை.

பழைய ஆட்களுக்குப் புறப்பாடு என்பதே பெரும்பாலும் கிடையாது. அமெரிக்கன் போர்டு என்ற சங்கத்தின் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து 1834-இல் மதுரைக்கு வந்தார்கள். பின்னாளில் பெரியகுளத்தில் ஒரு நிலையம் வைத்தார்கள். ஜே. டி. நோய்ஸ் என்பவர் அங்கே நெடுங்காலம் இருந்தார். இவர்கள் சாகும்வரை என்று சொல்லித்தான் கப்பல் ஏறியவர்கள். காய்ச்சலும் காலராவும் அந்தச் சொல்லைச் சீக்கிரமே நிறைவேற்றிவிடும் போலிருந்தது. முதல் பத்துப் பதினொரு ஆண்டுகளில் மதுரையில் பெரியவர்களும் குழந்தைகளுமாகச் சாவு விழுந்துகொண்டே இருந்தது. சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள், அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. பிறகுதான் பழனி மலையின் உச்சியில் 1845-இல் இரண்டு வீடு கட்டினார்கள். கோடைக்கானல் என்கிற ஊர் அப்படித்தான் தொடங்கியது.

அந்த மலைக்கு வழி நம் பக்கமிருந்துதான். பெரியகுளத்துக்கு அருகில் உள்ள கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பு வரை மாட்டுவண்டி வரும். அதற்கு மேல் செங்குத்தான மலைப்பாதை. துரைமார் நடந்தோ மட்டக்குதிரையிலோ ஏறுவார்கள். துரைசாணிகளையும் பிள்ளைகளையும் டோலியில் வைத்து நம் ஊர் ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். பெட்டி, படுக்கை, பாத்திரம், புத்தகம் எல்லாம் தலைச்சுமை. முதல் உலகப் போர்க் காலத்தில் வத்தலக்குண்டு பக்கமாக மலைச்சாலை வரும்வரை இதுதான் வழக்கம். மேலே போனால் குளிர், கணப்பு, பேரிக்காய் மரம், அவர்கள் ஊர்ச் சாயலில் வீடுகள். நாம் கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற ஊர், ஊருக்குப் போக முடியாதவர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட மாற்று ஊர். பெரியகுளத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாலே தெரிகிற தூரத்தில் அவர்களுடைய அமெரிக்கா இருந்தது. அது இருந்ததால்தான் பலரும் திரும்பிப் போவதைத் தள்ளிப்போட முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு அங்கேயே முடிந்தும் போனார்கள். தமிழறிஞர் கால்டுவெல் 1891-இல் ஓய்வு பெற்ற சில மாதங்களில் இறந்தது கோடைக்கானலில்தான், உடலை அவர் ஊழியம் செய்த இடையன்குடிக்குக் கொண்டுபோனார்கள். வேலூர் மருத்துவமனையை உண்டாக்கிய ஐடா ஸ்கடர், ஓய்வு பெற்றதும் அமெரிக்காவுக்குப் போகாமல் கோடைக்கானலுக்குப் போனார். 1960-இல் அங்கேயே கண்ணை மூடினார்.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் மலை உதவவில்லை. கோடைக்கானலில் 1901-இல் பள்ளிக்கூடம் தொடங்கும்வரை, படிக்கிற வயது வந்த பிள்ளைகளைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டும். பிள்ளை அங்கே, ஊழியம் இங்கே. ஒரு தாயாருக்கு ஊர் திரும்புவது என்றால், தன்னை அடையாளம் தெரியாத பிள்ளையிடம் போய் நிற்பது என்றும் அர்த்தம். மிஷன் அறிக்கைகளில் ஞானஸ்நானத்துக்குக் கணக்கு உண்டு, இதற்குக் கணக்கு இல்லை.

புறப்பட்டும் போய்ச் சேராதவர்கள் உண்டு. 1862-இல் வெளிவந்த பெரிய தமிழ்-ஆங்கில அகராதியைத் தொகுத்த மிரோன் வின்ஸ்லோ, 45 ஆண்டு ஊழியத்துக்குப் பிறகு 1864-இல் உடம்பு முடியாமல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். நன்னம்பிக்கை முனையோடு பயணம் முடிந்துவிட்டது. அமெரிக்காவின் முதல் மருத்துவ மிஷனரியான ஜான் ஸ்கடரும் அதே முனையில்தான் 1855-இல் இறந்தார். எது ஊர் என்றே குழம்பிப் போனவர்களும் உண்டு. தமிழ் லெக்சிகனின் முதல் பதிப்பாசிரியர் ஜே. எஸ். சாண்ட்லர் 1849-இல் மதுரையில் பிறந்தவர். அவர் ஊருக்குப் போகிறேன் என்று சொன்னால் எந்தத் திசையைப் பார்த்துச் சொல்லுவார்?

கத்தோலிக்க ஏசுசபைக்காரர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. மனைவி மக்கள் கிடையாது, திரும்பும் யோசனையும் கிடையாது. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர், ராபர்ட் தெ நோபிலி, ஐம்பது ஆண்டு கழித்து மயிலாப்பூரில் பார்வை மங்கிய கிழவராக இறந்தார், இத்தாலி மண்ணைத் திரும்பவும் மிதிக்கவில்லை. பின்னால் வந்த பிரெஞ்சுச் சாமியார்களில் எத்தனையோ பேருக்கு இங்கேதான் கல்லறை. இதைத் தியாகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் சாகும்வரை ஓர் இடத்தை விடாமல் இருப்பதில், அந்த இடத்தை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்காமல் இருப்பதும் கலந்திருக்கிறது. வந்தவர் போகவில்லை என்றால், உள்ளூர்க்காரர் எப்போது பொறுப்புக்கு வருவார்?

நியூபிகினை நான் மதிப்பது இந்த இடத்தில்தான். அவர் 1936-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை அனுப்பி வந்தவர். வந்த புதிதிலேயே மிஷனரிகளுக்கும் சனங்களுக்கும் நடுவில் இருந்த எசமான்-வேலைக்காரன் தோரணை அவர் கண்ணை உறுத்தியது. வந்த கொஞ்ச நாளில் ஒரு பேருந்து விபத்தில் கால் முறிந்து, சிகிச்சைக்காக ஊருக்கே திருப்பி அனுப்பப்பட்டார். 1939-இல்தான் மறுபடி வர முடிந்தது. முதல் தடவை பேருந்தால் ஊர் திரும்பிய மனுசர் கடைசித் தடவை பேருந்திலேயே திரும்பினார் என்பதில் ஒரு குறும்பு இருக்கிறது. காஞ்சிபுரத்தில் தமிழ் படித்தார். அங்கிருந்த இராமகிருஷ்ண மடத்துத் துறவியோடு உட்கார்ந்து ஒரு வாரம் உபநிடதம், மறுவாரம் யோவான் சுவிசேஷம் என்று மாற்றி மாற்றி வாசித்தார். பேராயரான பிறகு கிராமத்துச் சபை ஊழியர்களுக்காகப் பாவம், இரட்சிப்பு பற்றி ஒரு சிறு நூலை முதலில் தமிழில்தான் எழுதினார். 1956-இல் வந்த அதன் ஆங்கில வடிவம் பின்னால் அவரே செய்தது. ஆங்கிலத்தில் வாசித்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அது மதுரைப் பக்கத்து உபதேசியாருக்காக எழுதப்பட்டது என்று?

அவரைப் பாதித்த எழுத்தாளர்களில் ஒருவர் ரோலண்டு ஆலன். 1912-இல் ஆலன் எழுதிய புத்தகம் ஒரு நேரான கேள்வியைக் கேட்டது: பவுல் அப்போஸ்தலர் ஓர் ஊரில் சில மாதம் இருந்து சபையை உண்டாக்கி, மூப்பர்களை ஏற்படுத்திவிட்டு நடையைக் கட்டினார். நாமோ நூறு ஆண்டாக உட்கார்ந்திருக்கிறோம், யார் வழி சரி? நியூபிகின் கிராமச் சபைகளில் சம்பளமில்லாத சாதாரண மனிதர்கள் சபையை நடத்துவதைப் பார்த்தார், அவர்களை நம்பினார். அப்படிப்பட்ட ஆளுக்கு ஊர் திரும்புவதற்கான ஆயத்தம் 1974-இல் பெட்டி கட்டும்போது தொடங்கியிருக்க முடியாது. பேராயரான நாளிலேயே தொடங்கியிருக்க வேண்டும். சென்னையில் அவருக்குப் பின் வந்தவர் சுந்தர் கிளார்க், தமிழர். மேய்ப்பரின் கோலைக் கொடுத்துவிட்டு, பின்னால் நின்று யோசனை சொல்லிக்கொண்டிருக்காமல் பேருந்து ஏறிவிட்டார். இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். அரசியலில், கல்லூரியில், ஏன் சிறுபத்திரிகையில்கூட, நாற்காலியை விட்டு எழுந்த பிறகும் அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறவர்களைத்தான் நாம் பார்க்கிறோம். பதவி இப்படிக் கைமாறியது. மிஷன் சொத்து முறையாகக் கைமாறியதா, கைமாறியபின் முறையாகக் காக்கப்பட்டதா என்பது பற்றி மதுரைக் கோர்ட்டில் வழக்குகள் நடந்திருக்கின்றன. கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிய விஷயம் அது.

பயணத்தில் துருக்கியின் கப்பதோக்கியாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு காலத்தில் கிறிஸ்தவ இறையியலின் தொட்டிலாக இருந்த நாடு. அங்கே சேர்ந்து ஆராதிக்க ஒரு கிறிஸ்தவரும் அகப்படவில்லை. வழி நெடுக எங்கேயும் அப்படி நேரவில்லை, அங்கே மட்டும் புருசனும் பெஞ்சாதியும் தனியாக ஜெபித்துவிட்டுக் கிளம்பினார்கள். ஒரு தேசத்தில் வேர் பிடித்த மதம் அடையாளம் தெரியாமல் போக முடியும் என்பதை அவர் அங்கே கண்ணால் பார்த்தார். விமானத்தில் போயிருந்தால் கப்பதோக்கியா முப்பதாயிரம் அடிக்குக் கீழே போயிருக்கும்.

அந்தக் கண்ணோடுதான் இங்கிலாந்தில் இறங்கினார். பர்மிங்காமில் சில ஆண்டு பாடம் எடுத்தார். எழுபது வயதில், மூடிவிடலாம் என்று முடிவெடுக்க இருந்த ஒரு சின்னச் சபையை ஏற்றுக்கொண்டார். வின்சன் கிரீன் என்ற இடம், எதிரே சிறைச்சாலை, சபையில் இருபது பேர் தேறினால் அதிகம். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார். ஆசியாவிலிருந்து குடியேறிய குடும்பங்கள் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தன. தன் இனத்துக்காரர் வீடுகளில் பல கதவுகள் முகத்துக்கு நேரே சாத்தப்பட்டன. இந்தியாவிலிருந்து வந்த பிறகு எது கடினமாக இருக்கிறது என்று கேட்டவர்களிடம், இங்கே நம்பிக்கை காணாமல் போயிருப்பதுதான் என்று பதில் சொன்னார். மதராஸ் சேரிகளில்கூட நாளைக்கு நிலைமை கொஞ்சம் மேலாகும் என்று சனங்கள் நினைத்தார்கள், வசதியான இங்கிலாந்தில் அந்த நினைப்பு இல்லை என்பது அவர் கண்டது. மேற்கை மனந்திருப்ப முடியுமா என்று இந்தோனேசியாவின் சிமாதுபாங் பாங்காக் மாநாட்டில் கேட்ட கேள்வி அவரை விடவில்லை. 1983-இல் தொடங்கி அடுத்தடுத்து எழுதிய நூல்களில் தன் சொந்த நாட்டையே மிஷன் களமாகப் பார்த்தார். மேற்குலக இறையியல் இன்று அவரை நினைவு வைத்திருப்பது அந்தப் புத்தகங்களுக்காகத்தான். அந்தப் பார்வையைக் கொடுத்தது மதுரை, இராமநாதபுரம் கிராமங்கள்.

எல்லோரும் இப்படித் திரும்பியதில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்றுக்கொடுத்த சாமுவேல் கிரீன், 1873-இல் மாசசூசெட்ஸுக்குத் திரும்பி, அங்கே உட்கார்ந்தும் தமிழ் மருத்துவ நூல்களையே தயார் செய்துகொண்டிருந்தார். தமிழர்களுக்கு வந்த மருத்துவ ஊழியன் என்றுதான் தன் கல்லறையில் எழுதச் சொன்னார். ஜி. யு. போப் ஆக்ஸ்போர்டில் திருவாசகத்தோடு முதுமையைக் கழித்து, தன் எண்பதாவது பிறந்தநாளில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார். இவர்கள் உடம்பால் போனார்கள், மனத்தால் போகவில்லை. நியூபிகின் இரண்டாலும் போனார். எனக்கு அது கூடுதல் கடினமானதாகப் படுகிறது.

இப்போது திசை மாறிவிட்டது. இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற பள்ளத்தாக்கின் கத்தோலிக்க ஊர்களிலிருந்து சாமியார்களும் கன்னியாஸ்திரிகளும் வெளிநாடு போகிறார்கள். இந்தியச் சாமியார்கள் இல்லாவிட்டால் ஜெர்மனியில் பல பங்குகளில் பூசை நடக்காது. அப்படி இத்தாலியில் ஒரு முதியோர் இல்லத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பிய ஒரு சிஸ்டரை அவர் அண்ணன் வீட்டில் பார்த்தேன். விமானக்காரன் விடுகிற எடைக்குள் ஒரு பெட்டி. அதில் பாதி, அண்ணன் பிள்ளைகளுக்கு மிட்டாயும் தெருவுக்கு ஜெபமாலையும். அங்கிருந்த கிழவிகள் பின்னிக்கொடுத்த கம்பளிச் சட்டைகள் மூன்று, உத்தமபாளையம் வெயிலில் அதை யார் போடுவது? பிறந்த வீட்டிலேயே அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, விருந்தாளிக்குக் கொடுக்கிற டம்ளரில் காப்பி கொடுத்தார்கள். பிள்ளைகள் "சிஸ்டர் அத்தை" என்று கூப்பிட்டன.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து கன்னத்தைத் தடவி, "வந்துட்டியாத்தா? இனிப் போகமாட்டயில்ல?" என்றது.

"இல்ல பெரியம்மா. மதுரையில மடத்துல போட்டுருக்காங்க. பத்து நாள்தான் லீவு."

கன்னியாஸ்திரிக்கு ஊர் திரும்புவது என்றால் வீடு திரும்புவது இல்லை. அது மடத்தோடு நின்றுவிடும். பெரியம்மா போன பிறகு அவர் என்னிடம் சொன்னது: "அங்க கிழவிகளத் தனியா விட்டுட்டுப் போயிர்றாங்களேன்னு எனக்கு ஒரே கோவமா இருக்கும். நம்ம ஊர்ல இப்படி நடக்குமான்னு அந்தப் பிள்ளைகட்டயே கேட்டுருக்கேன். இப்ப இந்தத் தெருவுல எண்ணிப் பாத்தா, ஏழு வீட்டுல கிழவி மட்டும்தான் இருக்கு. மகன் சென்னையில, துபாய்ல."

நியூபிகின் வின்சன் கிரீனில் செய்ததும் இதுதான்: வெளியே போய்க் கற்றுக்கொண்ட கண்ணால் சொந்தத் தெருவைப் பார்ப்பது. அவருக்கு எழுத ஆங்கிலமும் அச்சிட நிறுவனங்களும் இருந்தன. கேட்கவும் ஆள் கிடைத்தது. இந்தச் சிஸ்டருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் சால்வை போர்த்தினார்கள், மூன்று பேர் பாராட்டிப் பேசினார்கள். அவரை ஐந்து நிமிடம் பேசச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. திரும்பி வந்தவர் சொல்வது பெரும்பாலும் கேட்க இதமாக இருக்காது. தனிமையில் கிடக்கும் கிழவியைப் பற்றிச் சொல்லுவார். வேறு தேசத்தில் எல்லோரோடும் ஒரே வரிசையில் நின்று நன்மை வாங்கியவர், நம் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பக்கம் எதற்கு என்றும் கேட்கக்கூடும். சால்வைதான் சௌகரியம்.

அமெரிக்கன் போர்டு மிஷனரிகள் மதுரையிலிருந்தும் பெரியகுளத்திலிருந்தும் எழுதிய கடிதங்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. நம் பெண்கள் ரோமிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வீட்டுக்கு எழுதிய நீல நிற வான்கடிதங்கள் டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது அவை எடைக்குப் போகும். உங்கள் குடும்பத்தில் அப்படி ஓர் அத்தையோ சித்தியோ சித்தப்பாவோ இருந்தால் அந்தக் கடிதங்களை எடைக்குப் போடாதீர்கள். அடுத்த தடவை அவர்கள் லீவில் வரும்போது ஒரு சாயங்காலம் எதிரே உட்கார்ந்து, அங்கே என்ன பார்த்தீர்கள், இங்கே இப்போது என்ன பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள். கையில் இருக்கிற போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.